டிவி பழுதானால் சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

டிவி கெட்டுப்போனதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, “வாங்கி எத்தனை வருஷம் ஆச்சு?” என்பதுதான். ஐந்தாறு வருடம் என்று பதில் வந்தால், “அப்ப புதுசே வாங்கிடலாம்” என்று பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். வயதும் முக்கியம்தான். ஆனால் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் தெரிய வேண்டியது, உள்ளே எந்தப் பாகம் போயிருக்கிறது என்பது. எட்டு வருடம் ஓடிய டிவியில் பவர் போர்டு மட்டும் போயிருந்தால், அதைச் சரிசெய்து இன்னும் சில வருடம் நிம்மதியாகப் பார்க்கலாம். வாங்கி ஆறே மாதமான டிவியில் திரை உடைந்திருந்தால், அதைச் சரிசெய்யக் கிளம்புவது பெரும்பாலும் வீண் செலவு.

எந்தப் பாகம் போனால் வெளியே என்ன தெரியும் என்று ஓரளவு புரிந்துகொண்டால் போதும். அதற்காக டிவியைத் திறக்கத் தேவையில்லை. திறக்கவும் வேண்டாம். பவர் போர்டில் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் நூற்றுக்கணக்கான வோல்ட் அளவுக்கு மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். பழைய கனமான பெட்டி டிவிகளின் குழாயில் இது 20,000 வோல்ட்டையும் தாண்டும்.

உள்ளே இருப்பவை

இன்றைய தட்டையான டிவியின் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே பெரும்பகுதி வெறும் இடம்தான். இரண்டு மூன்று சர்க்யூட் போர்டுகள், ஸ்பீக்கர்கள், சில ஒயர்கள், அவ்வளவே. பவர் போர்டு, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை மற்ற பாகங்களுக்கு ஏற்ற வோல்டேஜுக்கு மாற்றித் தருகிறது. எச்டிஎம்ஐ, யூஎஸ்பி துளைகள், வைஃபை, ஆப்கள் எல்லாம் மெயின் போர்டைச் சேர்ந்தவை. டி-கான் என்ற சின்ன போர்டு, மெயின் போர்டிலிருந்து வரும் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துத் திரைக்கு அனுப்புகிறது. சில மாடல்களில் இது மெயின் போர்டிலேயே சேர்ந்திருக்கும்.

அப்புறம் திரை. நாம் ஒரே பொருளாக நினைக்கும் திரையில் உண்மையில் இரண்டு பாகங்கள் இருக்கின்றன. முன்னால் இருப்பது பேனல். மெல்லிய இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே திரவப் படிகம், அதில் லட்சக்கணக்கான புள்ளிகள். 4கே டிவியில் அகலத்தில் 3,840, உயரத்தில் 2,160 புள்ளிகள். மொத்தம் சுமார் 83 லட்சம். இந்தப் பேனல் தானாக ஒளிராது. அதற்குப் பின்னால் இருக்கும் பேக்லைட் என்ற விளக்கு வரிசைதான் வெளிச்சம் தருகிறது. பேனல் அந்த வெளிச்சத்தை விடுவதும் தடுப்பதுமாகப் படத்தைக் காட்டுகிறது. எல்இடி டிவி என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இப்படிப்பட்டவையே. ஓஎல்இடி வகை மட்டும் வேறு: அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், பேக்லைட் கிடையாது.

பேனல், பேக்லைட் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பழுது போர்டிலோ பேக்லைட்டிலோ இருந்தால் சரிசெய்ய வழி உண்டு. பேனலில் இருந்தால் பெரும்பாலும் வழி இல்லை, இருந்தாலும் கட்டுப்படியாகாது. ஒரு டிவியைத் தயாரிக்கும் செலவில் பெரும் பங்கு பேனலுக்கே போகிறது. அதைத் தனியாக வாங்கிப் பொருத்தும் செலவு புது டிவியின் விலையைத் தொட்டுவிடும்.

முதலில் பார்க்க வேண்டியவை

ஆளைக் கூப்பிடும் முன் சில சின்ன விஷயங்கள். வேறு பொருளை அதே பிளக்கில் செருகி மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். டிவியின் பிளக்கைப் பிடுங்கி, டிவியில் உள்ள பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, சில நிமிடம் கழித்துத் திரும்பச் செருகிப் பாருங்கள். மென்பொருள் சிக்கிக்கொண்டதால் நின்ற டிவிகள் பல இதிலேயே உயிர் பெற்றுவிடும். ரிமோட்டின் முனையை மொபைலின் செல்ஃபி கேமராவுக்கு நேராகப் பிடித்து ஏதாவது பட்டனை அழுத்துங்கள். சாதாரண இன்ஃப்ராரெட் ரிமோட் என்றால், கண்ணுக்குத் தெரியாத அதன் ஒளி கேமராவில் மினுக்குவது தெரியும். மினுக்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள்.

படத்தில் குறை இருந்தால் டிவியின் சொந்த மெனுவைத் திறந்து பாருங்கள். மெனு சுத்தமாகத் தெரிந்து படம் மட்டும் கலங்கினால் சந்தேகம் செட்டாப் பாக்ஸ் மேலும் எச்டிஎம்ஐ ஒயர் மேலும்தான். மெனுவிலும் அதே கோடு, அதே கலங்கல் என்றால் பழுது டிவிக்குள் இருக்கிறது.

சத்தம் வருகிறது, படம் இல்லை

இந்தப் பழுதைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. திரை கறுப்பாக இருப்பதைப் பார்த்ததும் “டிஸ்பிளே போச்சு” என்று சொல்லி, முழுக்க நன்றாக இருக்கும் டிவியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் போயிருப்பது பல நேரங்களில் பின்னால் இருக்கும் விளக்கு மட்டுமே.

சோதிப்பது எளிது. அறையை இருட்டாக்குங்கள். டிவியை ஆன் செய்து சத்தம் வருவதை உறுதி செய்யுங்கள். மொபைலின் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில் கொஞ்சம் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். வெளிச்சம் படும் இடத்தில் மங்கலாகப் படமோ மெனு எழுத்துகளோ தெரிந்தால், பேனல் வேலை செய்கிறது, மெயின் போர்டும் டி-கானும் வேலை செய்கின்றன. வெளிச்சம் மட்டும் இல்லை. ஆன் செய்ததும் ஓரிரு நொடி படம் வந்து பிறகு கறுப்பாகி, சத்தம் மட்டும் தொடர்வதும் இதே பழுதின் இன்னொரு முகம்.

ஏன் இப்படி ஆகிறது? பேக்லைட்டில் உள்ள சின்னச் சின்ன எல்இடிகள் வரிசையாக, தொடர் இணைப்பில் கோக்கப்பட்டிருக்கும். சீரியல் பல்பில் ஒன்று போனால் முழுச் சரமும் அணைந்துவிடுவது போலத்தான் இங்கேயும். சரத்தில் ஒரு கோளாறு தெரிந்ததும் பாதுகாப்புச் சுற்று மற்ற சரங்களையும் அணைத்துவிடும். ஒரு சிறு எல்இடி போனதற்கு முழுத் திரையும் இருண்டுபோகிறது.

திரை நீலமாகவோ ஊதாவாகவோ மாறுவதும் பெரும்பாலும் பேக்லைட் பழுதுதான். வெள்ளை எல்இடி என்பது நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூச்சைப் பூசியது. வருடக்கணக்கில் சூடு பட்டு அந்தப் பூச்சு சிதைந்தால் அடியில் உள்ள நீலம் வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

பேக்லைட்டை மாற்றும்போது போன எல்இடி ஒன்றை மட்டும் மாற்றுவதா, எல்இடிகள் வரிசையாகப் பொருத்தப்பட்ட எல்லாப் பட்டைகளையும் மாற்றுவதா என்ற கேள்வி வரும். என் கருத்து உறுதியானது: எல்லாவற்றையும் மாற்றுங்கள். மீதி எல்இடிகளும் அதே மணிநேரம் எரிந்தவை, அதே சூட்டைத் தாங்கியவை. இன்று ஒன்றை மட்டும் மாற்றினால் சில மாதத்தில் பக்கத்தில் இருப்பது போகும். மறுபடியும் அதே கூலி.

ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். பேக்லைட்டை அடைய பேனலை முழுதாகத் தூக்கி எடுக்க வேண்டும். அது மெல்லிய கண்ணாடி; ஓரத்தில் உள்ள மெல்லிய நாடாக்கள் கிழிந்தாலும் கதை முடிந்தது. 32 அங்குல டிவியில் அனுபவமுள்ள ஒருவர் இதைச் சாதாரணமாகச் செய்துவிடுவார். 55, 65 அங்குலம் என்றால் இரண்டு பேர் வேண்டும், சரியான மேசை வேண்டும், பழகிய கை வேண்டும். பெரிய டிவியின் பேக்லைட்டைச் சரிசெய்யும் முடிவில் செலவைவிட இந்த ஆபத்துக்கு நான் அதிக எடை தருவேன்.

வேலை முடிந்து டிவி வந்ததும் செட்டிங்கில் பேக்லைட் அளவைக் குறைத்து வையுங்கள். முழு வெளிச்சத்தில் ஓடினால் எல்இடிக்குச் சூடு அதிகம், ஆயுள் குறைவு. புது டிவிக்கும் இது பொருந்தும்.

கோடுகள்

திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு வந்து நிலைத்துவிட்டால் பலரும் போர்டு மாற்றினால் போய்விடும் என்று நம்புகிறார்கள். பெரும்பாலும் போகாது. பேனலின் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனிக் கம்பி உண்டு. 4கே பேனலில் ஒரு புள்ளிக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வீதம் 11,520 நெடுவரிசைகள். இத்தனை கம்பிகளும் பேனலின் ஓரத்தில் ஒட்டப்பட்ட மெல்லிய நாடாக்கள் வழியாகத்தான் இணைகின்றன. ஈரத்தாலோ சூட்டாலோ அந்த ஒட்டு விட்டுப்போனால் கோடு விழும். அதைத் திரும்ப ஒட்டத் தனி இயந்திரம் வேண்டும். அது இருக்கும் இடங்கள் குறைவு, செய்தாலும் எத்தனை நாள் தாங்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சில நேரம் கோடு வேறு காரணத்தால் வரும். திரையின் பாதி முழுவதும் கோளாறாகத் தெரிவது, படம் நெகட்டிவ் போல நிறம் புரண்டு தெரிவது, மொத்தத் திரையிலும் கோடுகள் வந்து வந்து போவது போன்றவை டி-கான் போர்டிலோ அதற்கு வரும் ஒயரிலோ கோளாறு இருப்பதைக் காட்டலாம். இவை சரிசெய்யக்கூடியவை, ஒயரைக் கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகியதும் சரியாகிவிடுவதும் உண்டு. ஆகவே கோடு என்றதும் கைவிட வேண்டாம். ஒருமுறை காட்டிப் பாருங்கள். ஒற்றைக் கோடு மட்டும் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது: அப்படியே பார்ப்பது. ஒரு ஓரத்தில் விழுந்த ஒற்றைக் கோட்டோடு டிவி பல காலம் ஓடலாம்.

சிவப்பு விளக்கே எரியவில்லை

இது பார்க்கப் பயமாக இருந்தாலும் சரிசெய்ய ஏற்ற பழுதுகளில் ஒன்று. மின்சாரம் வந்தும் டிவி துளியும் அசையவில்லை என்றால் முதல் சந்தேகம் பவர் போர்டு. பியூஸ் போயிருக்கலாம், மின்னல் அல்லது வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் ஏதாவது பாகம் எரிந்திருக்கலாம், கெப்பாசிட்டர் உப்பியிருக்கலாம். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றிப்போகும். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவான கணக்கு. காற்றோட்டம் இல்லாத அலமாரிக்குள் டிவியைச் சொருகி வைக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

விளக்கு எரிகிறது, டிவி ஆன் ஆக மறுக்கிறது என்றால் பவர் போர்டு, மெயின் போர்டு இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். நிறுவனத்தின் சின்னம் வந்து அணைந்து, மறுபடியும் சின்னம் வந்து சுற்றிக்கொண்டே இருந்தால் மென்பொருளோ அதைத் தாங்கும் நினைவகச் சில்லோ பழுதாகியிருக்கக்கூடும். யூஎஸ்பி வழியாக மென்பொருளைத் திரும்ப ஏற்றிப் பார்த்துவிட்டு அப்புறம் போர்டு மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

திரை உடைந்தால்

உடைந்த பேனலுக்கு ஒட்டுப் போட முடியாது. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே உள்ள அடுக்கு குலைந்ததும் அந்தப் பகுதியின் புள்ளிகள் போய்விடும், கறை போலப் பரவவும் செய்யும். வாரண்டி இருந்தாலும் அடிபட்டு உடைந்ததற்குப் பொதுவாகப் பொருந்தாது. தனியாகக் காப்பீடு இருந்தால் மட்டும் பாருங்கள். இல்லையென்றால் புதிது வாங்குவதே சரி. ஓஎல்இடி திரையில் சேனல் சின்னம் போன்ற ஒன்று நிரந்தரமாகப் பதிந்துபோவதும் பேனல் தேய்மானம்தான். டிவிக்குள்ளேயே இருக்கும் திரை சீரமைப்பு வசதியை ஓட்டிப் பாருங்கள். ஆழமாகப் பதிந்ததை அது நீக்காது.

உடைந்த டிவியை விற்கும்போது ஒன்று கவனியுங்கள். அதன் போர்டுகள் நன்றாகவே இருக்கும், அதே மாடலுக்கு அவை தேவைப்படும். பழைய இரும்பு எடுப்பவரைவிட டிவி ரிப்பேர் செய்பவர் அதற்கு நல்ல விலை தரக்கூடும். இன்னொருவர் டிவியும் அதனால் பிழைக்கும்.

கணக்கு

பழுது எதுவென்று தெரிந்து, செலவும் சொல்லிவிட்டார்கள். இனி தீர்மானிக்க வேண்டும். புது டிவியின் விலையில் பாதிக்கு மேல் ஆனால் சரிசெய்யாதே என்று ஒரு விதி பரவலாகச் சொல்லப்படுகிறது. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் டிவி இன்னும் எத்தனை வருடம் ஓடும் என்பதை அது கேட்பதே இல்லை. வருடத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

புது டிவியின் விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். அது 8 வருடம் உழைக்கும் என்றால் வருடத்துக்கு 12.5 பங்கு. உங்கள் பழைய டிவியைச் சரிசெய்ய 45 பங்கு ஆகிறது, அது இன்னும் 2 வருடம்தான் தாங்கும் என்றால் வருடத்துக்கு 22.5 பங்கு. பாதி விலை விதிப்படி இதைச் சரிசெய்யலாம். உண்மையில் இது நஷ்டம். வாங்கி இரண்டே வருடமான நல்ல டிவிக்கு 55 பங்கு செலவாகி, அது இன்னும் 6 வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 9 பங்கு சொச்சம். விதி இதை வேண்டாம் என்கிறது. கணக்கு செய்யலாம் என்கிறது.

மீதி ஆயுளை எப்படி மதிப்பிடுவது? எல்இடி பேக்லைட்டின் வெளிச்சம் பாதியாகக் குறைய 30,000 முதல் 60,000 மணிநேரம் ஆகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். தினமும் 6 மணிநேரம் பார்த்தால் 30,000 மணிநேரம் என்பதே 13 வருடத்துக்கு மேல். எல்லாப் பாகமும் அவ்வளவு தாங்காது, ஆனால் ஐந்து வருட டிவியைக் கிழடு என்று சொல்ல முடியாது என்பதற்கு இது போதும். எந்த நேரமும் முழு வெளிச்சத்தில் ஓடிய டிவி, ஏற்கெனவே ஒருமுறை சரிசெய்த டிவி என்றால் ஆயுளைக் குறைத்துப் போடுங்கள்.

ஒப்பிடும்போது நீங்கள் அன்று கொடுத்த விலையை மறந்துவிடுங்கள். அதே அளவில், அதே தரத்தில் இன்று ஒரு டிவி என்ன விலை என்பதுதான் வேண்டும். கடையில் இருப்பதிலேயே மலிவானதோடு ஒப்பிடவும் கூடாது. நல்ல பேனல் உள்ள பழைய டிவியைக் கொடுத்துவிட்டு மங்கிய பேனலை வீட்டுக்குக் கொண்டுவருவதில் முடியும்.

சரிசெய்பவரிடம் கேட்க வேண்டியவை

வாரண்டி இருந்தால் நேராக நிறுவனத்தையே கூப்பிடுங்கள். சில நிறுவனங்கள் பேனலுக்கு மட்டும் கூடுதல் காலம் தருகின்றன. ரசீதையும் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். வாரண்டி முடிந்திருந்தால், வேலையைத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டியவை உண்டு. பார்த்துச் சொல்ல மட்டும் எவ்வளவு, சரிசெய்தால் அது மொத்தத்தில் கழியுமா? போர்டையே மாற்றுகிறாரா, போர்டில் போன பாகத்தை மட்டும் மாற்றுகிறாரா? இரண்டாவது மலிவு, ஆனால் அதற்கு நேரமும் திறமையும் வேண்டும். மாற்றிய பாகத்துக்கு எத்தனை மாதம் பொறுப்பு? பேனலைக் கழற்றும் வேலை என்றால், அது உடைந்தால் யார் பொறுப்பு? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நேர்மையானவர் ஆபத்தை மறைக்காமல் சொல்வார், அந்தப் பதிலிலேயே அவரைப் பற்றித் தெரிந்துவிடும்.

உதிரி பாகம் கிடைப்பதும் ஒரு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒரு மாடலின் கடைசி டிவி சந்தைக்கு வந்த பிறகும் குறைந்தது 7 வருடம் சில முக்கிய உதிரி பாகங்கள் கிடைக்க வேண்டும். இப்படி விதி இல்லாத இடங்களில் அதே மாடலின் பழைய போர்டைத் தேட வேண்டிவரும். போர்டு மாடலுக்கும் பேனலுக்கும் பொருந்த வேண்டும். அளவு ஒன்று என்பதால் மட்டும் எதையும் பொருத்த முடியாது. பிளாஸ்மா டிவி என்றால் நான் சரிசெய்யச் சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனங்கள் 2014 வாக்கிலேயே அவற்றின் தயாரிப்பை நிறுத்திவிட்டன, மின்சாரமும் அதிகம் இழுக்கும்.

ஆப்கள் மெதுவாகிவிட்டன, புது ஆப் ஏறவில்லை என்பதற்காக டிவியை மாற்ற நினைத்தால், தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். அது பழுதே இல்லை. எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஒரு சின்ன ஸ்ட்ரீமிங் ஸ்டிக் வாங்கினால் டிவி வெறும் திரையாக இருந்தால் போதும். அந்த வேலையைப் பழைய டிவி இன்னும் பல வருடம் நன்றாகச் செய்யும்.

பழையதைக் கொடுக்கும்போது

புதிது வாங்குவது என்று முடிவானால், பழைய டிவியைக் குப்பையோடு போடாதீர்கள். ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட கணக்குப்படி 2022இல் உலகில் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. 2010க்கு முந்தைய எல்சிடி டிவிகள் பலவற்றில் எல்இடிக்குப் பதில் பாதரசம் உள்ள மெல்லிய குழல் விளக்குகள் இருக்கும். பழைய பெட்டி டிவியின் கண்ணாடியில் ஈயம் இருக்கும். இவற்றை உடைப்பது, எரிப்பது இரண்டும் ஆபத்து. மின்னணுக் கழிவு எடுக்கும் மையத்திலோ, பழையதைத் திரும்ப வாங்கும் கடையிலோ கொடுங்கள்.

டிவி ஆன் ஆகும் நிலையில் இருந்தால், கொடுக்கும் முன் எல்லா ஆப்களிலிருந்தும் வெளியேறி, ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். ஆன் ஆகாவிட்டால், மொபைலில் அந்தந்தச் சேவையின் கணக்குப் பக்கத்துக்குப் போய் அந்த டிவியின் பெயரை நீக்கிவிடலாம்.